முதல் வலியிலிருந்து கடைசி வலி வரை

மனித குலத்தின் துன்பத்தை முழுமையாக ஒழித்த முதல் ஆள் நான். இதை அடக்கத்தோடுதான் சொல்கிறேன். பல நூற்றாண்டுகளாக எத்தனையோ பேர் காட்டுக்குப் போய், பட்டினி கிடந்து, தாடி வளர்த்து முயன்று பார்த்த காரியம் அது. நான் காட்டுக்குப் போகவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் உட்கார்ந்து, மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டே, ஒரே ஒரு வரியில் முடித்தேன். அந்த வரியில் நாற்பது எழுத்துகூடக் கிடையாது.

பொறியியல் கடைசி ஆண்டில் எல்லோரும் ஆறு மாதம் வெளியே போய் வேலை கற்றுக்கொண்டு வர வேண்டும் என்பது எங்கள் கல்லூரியின் விதி. உள்ளே கற்றுக்கொள்ள முடியாது என்பதை நிர்வாகமே எழுத்தில் ஒப்புக்கொண்ட ஒரே இடம் அது. எனக்குக் கிடைத்தது நிம்மதி நினைவு நிலையம். கீழே ஒரு பேக்கரி. மேலே நாங்கள். இரண்டுக்கும் நடுவில் எல்லோருடைய விரலையும் கவ்வுகிற ஒரு லிஃப்ட்.

தாங்க முடியாத ஒரு நினைவை மட்டும் தலையிலிருந்து எடுத்துவிடுவது நிலையத்தின் தொழில். சலூனில் முடி காயவைக்கிற தொப்பி மாதிரி ஒன்றை மாட்டினால், மூளையில் இருப்பதை இயந்திரம் வரி வரியாக எழுதித் தரும். பார்த்தது, கேட்டது, தொட்டது எல்லாம் எழுத்தாக வரும். வலித்த இடத்தில் ‘வலி தொடக்கம்’ என்று தானாகவே ஒரு குறி போடும். அடங்கிய இடத்தில் ‘வலி முடிவு’ என்று இன்னொன்று. எந்த வரியிலிருந்து எந்த வரி வரை என்று நாம் காட்டுகிறோமோ, அது தலையை விட்டுப் போய்விடும். எழுத்தாக மட்டும் எங்கள் பதிவறையில் முப்பது நாள் இருக்கும். பிறகு சட்டப்படி அழித்துவிட வேண்டும்.

எந்த வரியிலிருந்து எந்த வரி வரை என்று காட்டும் வேலையைப் பதினொரு வருடமாகச் செய்துகொண்டிருந்தவர் எஸ்தர் மேடம். அவர் கையாண்ட தொழில்நுட்பம் ஒரு ஸ்டீல் ஸ்கேல். பதிவு முழுவதையும் அச்செடுத்து, முதல் வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து, உதடு அசைய வாசித்து, ஒரு வரி இறக்கி, மறுபடி வாசிப்பார். ஒரு நோயாளிக்கு வாரக்கணக்கில் ஆகும். விடுதியில் நான் அவரை நடித்துக் காட்டுவேன். சோற்றுத் தட்டின் மேல் ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு பருக்கையாக வாசித்துச் சாப்பிடுவேன். நல்ல வரவேற்பு இருந்தது.

அந்த வேலைக்கு நான் கணினியில் எழுதிய தேடல் வரி இவ்வளவுதான். வலி தொடக்கத்தைப் பிடி. நடுவில் எது வந்தாலும் எடு. வலி முடிவைப் பிடி. மூன்று வினாடி.

ஒரு எலி மேல் சோதித்துப் பார்க்க ஆறு குழுக்களின் அனுமதி வேண்டும். பயிற்சி மாணவன் மேல் சோதிக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆகவே ஒரு வியாழக்கிழமை மாலை, அன்றைய ஒரு நாள் பதிவை மட்டும் என் தலையிலிருந்து எடுத்து ஓட்டினேன். அன்று காலை எஸ்தர் மேடம் என்னைத் திட்டியிருக்கிறார். எதற்கு என்று கேட்காதீர்கள், அதைத்தான் எடுத்தாயிற்று. ‘இன்று ஒரு திட்டு, அதை எடுக்கிறேன்’ என்று என் கையெழுத்தில் ஒரு துண்டுத்தாள் சட்டைப்பையில் இருந்ததால் தெரியும். திரையில் ‘பொருத்தம்: 1’ என்று வந்ததாகவும் அதில் குறித்திருந்தேன். ஒரு திட்டு, ஒரு பொருத்தம். தொப்பியைக் கழற்றியபோது மனது காலியான மைதானம் மாதிரி இருந்தது. மதியம் என்ன சாப்பிட்டேன் என்பதும் நினைவில் இல்லை. ஆனால் எங்கள் விடுதிச் சாப்பாடு நினைவில் நின்றால்தான் அதை ஒரு நோயாகக் கருத வேண்டும்.

மறுநாள் காலை எஸ்தர் மேடம் தலையை நிமிர்த்தி, “மாத்திட்டியா தம்பி?” என்று கேட்டார்.

“எதை மேடம்?”

அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். பிறகு ஸ்கேலை ஒரு வரி இறக்கி வாசிக்க ஆரம்பித்தார். சட்டையைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று நாளாக அதே சட்டைதான்.

அந்த வாரமே, நிலையத்தை நடத்தும் டாக்டர் என் வரியை ஏற்றுக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை அதற்கு முதல் ஆள் வந்தார்.

ஆவுடைச்செல்விக்கு முப்பத்திரண்டு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கூட வந்தவர் அவர் கணவர் கோமதிநாயகம், மினி பஸ் டிரைவர், தொப்பை உள்ளவர், முன்மண்டையில் முடி இல்லாதவர். உள்ளே வரும்போதே மனைவியின் சுண்டுவிரலைப் பிடித்து ஊதிக்கொண்டு வந்தார்.

“லிஃப்டுக் கதவு கடிச்சிட்டு,” என்றார். “நான் படி ஏறுவம்னு சொன்னேன், கேக்கல.”

“விடுங்க, வலி போயிட்டு,” என்றார் ஆவுடைச்செல்வி.

எதை எடுக்க வேண்டும் என்று டாக்டர் கேட்டார். ஆவுடைச்செல்வி கணவரைப் பார்த்தார். கோமதிநாயகம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“ரெண்டு வருசத்துக்கு முந்தி, டாக்டர். மூணு தடவை போன் பண்ணிட்டா. வண்டியில நிறைய கூட்டம், எடுக்க முடியல. நாலாவது தடவை எடுத்தேன்.” நிறுத்தினார்.

“எடுத்து?”

“அவ வாயத் திறக்கதுக்கு முந்தியே நான் சொல்லிட்டேன். ‘என்ன, செத்தா போயிட்ட? செத்தா சொல்லு, வாரேன்’னு.”

டாக்டர் ஆவுடைச்செல்வியின் பக்கம் திரும்பினார்.

“‘நான் இல்ல, அம்மா’ன்னு சொன்னேன்,” என்றார் அவர். “சொல்லிட்டு வச்சிட்டேன். மொத்தம் நாப்பது செகண்டு.”

கீழே பேக்கரியில் தட்டு கழுவும் சத்தம் கேட்டது.

“அம்மா செத்ததை எடுக்காண்டாம், டாக்டர். அது எனக்கு வேணும். அந்த நாப்பது செகண்டு மட்டும் போதும். போன் அடிச்சாலே அதுதான் கேக்கு. இவரு நல்லதா ஒண்ணு பேசுனாலும் அதுக்குப் பின்னால அதுதான் கேக்கு. இவரு மோசமான ஆளு கெடையாது. எனக்கே தெரியுது. ஆனா கேக்கு.”

“உங்களுக்கும் எடுக்கணுமா?” என்று டாக்டர் கோமதிநாயகத்திடம் கேட்டார்.

“எனக்கு இருக்கட்டும்,” என்றார் அவர்.

படிவத்தை நான் நிரப்பினேன். வலிக்குக் காரணமானவரை எப்போதிலிருந்து தெரியும் என்பது ஒரு கேள்வி. அந்த நாளிலிருந்துதான் பதிவு எடுப்போம். “போட்டோவுலதான் பாத்திருந்தேன். நேருல பாத்தது கல்யாணத்தன்னைக்குத்தான்,” என்றார் ஆவுடைச்செல்வி. எட்டு வருடம். இயந்திரம் அரை நாள் உட்கார்ந்து எழுதியது.

எஸ்தர் மேடம் கையில் ஸ்கேலோடு வாசலில் நின்றார். “டாக்டர், நான் ஒருக்கா பாத்துட்டுத் தாறேன்.”

“எதுக்கும்மா ஒரு மாசம்? தம்பி மூணு செகண்டுல பாத்துருவான்.”

ஓட்டினேன். திரையில் ‘பொருத்தம்: 1’ என்று வந்தது.

“கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பாத்தாங்க,” என்று கோமதிநாயகம் சிரிக்க முயன்றார். “இதுக்கு ஒண்ணு போதும் போல.”

“ஒண்ணுதானல இருக்கு? அமுக்கு,” என்றார் டாக்டர்.

அமுக்கியது நான்தான்.

ஆவுடைச்செல்வி கண் விழித்ததும் முதலில் இரண்டு கால்களையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். பிறகு சுற்றிலும் பார்த்தார்.

“நான் மயங்கி விழுந்துட்டேனா?” என்றார் மெல்ல. “காலையிலேர்ந்து சாப்பிடல. அம்மி மிதிக்கையிலயே ஒரு மாதிரி வந்துச்சு.”

“செல்வி,” என்றார் கோமதிநாயகம்.

ஆவுடைச்செல்வி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். பிறகு எஸ்தர் மேடத்தின் கையைத் தொட்டு, குரலைத் தணித்து, “இவங்க மாப்பிள்ளையோட அண்ணனா?” என்று கேட்டார்.

கோமதிநாயகம் சிரித்தார். விளையாடுகிறாள் என்று நினைத்திருப்பார். அந்தச் சிரிப்பை எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

“அம்மா எங்க?” என்றார் ஆவுடைச்செல்வி. “இங்கனதான் நின்னா. கூப்பிடுங்களேன்.”

நோயாளிக்குத் தெரியாத ஆள் நோயாளியோடு இருக்கக் கூடாது என்பது எங்கள் விதி. நல்ல விதிதான். அதன்படி கோமதிநாயகத்தை வெளியே உட்காரவைத்தோம். போகும்போது வாசலில் நின்று, உள்ளே பார்க்காமல், “அம்மா பந்தியில நிக்காங்க. எல்லாரையும் கவனிச்சிட்டு வருவாங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் பதிவறைக்கு ஓடினேன். எடுத்த பகுதியின் முதல் வரி: ‘அம்மி மேல் கால். அவர் விரலில் மெட்டி மாட்டுகிறார். இறுக்குகிறது. வலி தொடக்கம்.’ கடைசி வரி: ‘லிஃப்ட் கதவு. சுண்டுவிரல். தொப்பி மாட்டும் முன்பு அவர் மறுபடி ஊதுகிறார். வலி முடிவு.’ நடுவில் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் வரிகள். அதில் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் வலிகள். எட்டு வருடத்துக்கு அது அதிகமா குறைவா என்று எனக்குத் தெரியவில்லை. பிறக்காமல் போன ஒரு குழந்தை இருந்தது. சூடான இட்லிச் சட்டி இருந்தது. அந்த நாற்பது வினாடியும் இருந்தது. வலிகளுக்கு நடுநடுவே வலிக்காத வரிகள். அவைதான் ஏராளம்.

“ஒண்ணுன்னுதானல காட்டுச்சு?” என்றார் டாக்டர்.

“ஒண்ணுதான் டாக்டர். ஒரே துண்டா எடுத்துட்டு. முதல் தொடக்கத்துல பிடிச்சுது, கடைசி முடிவுலதான் விட்டுது.”

“நடுவுல முடிவே வரலையா?”

“வந்துது. இது நிக்காது. இப்போதான் கம்ப்யூட்டர் புஸ்தகத்தத் திறந்து பாத்தேன். பந்தியில ஒருத்தன் முதல் தடவை மோர் வந்ததும் எந்திரிச்சிருவான். இன்னொருத்தன் கடைசி மோர் வாரது வரைக்கும் உக்காந்திருப்பான். என் வரி ரெண்டாவது ஆளு. பேராசைப் பொருத்தம்னு போட்டிருக்கு.”

“எந்திரிக்க வைக்க முடியாதா?”

“ஒரு கேள்விக்குறி சேத்தா போதும். முதல் மோருலயே எந்திரிச்சிரும். ஒவ்வொரு வலியும் தனித்தனியா வரும், நாம ஒண்ண மட்டும் எடுத்துக்கிடலாம்.”

“அப்போ சேத்துரு.”

“சேத்துட்டேன், டாக்டர்.”

சேர்த்துவிட்டேன். இனிமேல் வருகிறவர்களுக்கு அது உதவும்.

“எடுத்ததைத் திரும்ப வைக்கது?” என்று கேட்டேன்.

“வெட்டத்தான் மெஷின் வாங்கியிருக்கு. ஒட்டுறதுக்கு இன்னும் எவனும் கண்டுபிடிக்கல,” என்றார் டாக்டர். “வாசிச்சுக் காட்டலாம். யார் வீட்டுக் கதையோ மாதிரி கேட்டுக்கிடுவா. முப்பது நாளைக்குள்ள. அதுக்கு மேல அந்தக் கதையும் இருக்காது.”

அவர் போன பிறகு எஸ்தர் மேடம் அலமாரியைத் திறந்தார்.

“அன்னைக்கே சொன்னேன்லா, தம்பி.”

“என்னைக்கு மேடம்?”

அவர் ஒரு மெல்லிய கோப்பை எடுத்து என் முன்னால் வைத்தார். அட்டையில் என் பெயர் இருந்தது. சொரிமுத்து, பயிற்சி மாணவர், சோதனை. ஒரு திட்டுக்கு ஒரு பக்கம் போதும். இதில் ஒன்பது பக்கம் இருந்தது. படித்தேன்.

‘11.05. எஸ்தர்: டீ கிளாசை ஒருத்தரோட வாழ்க்கை மேலயா வைப்ப? வலி தொடக்கம். துடைக்கிறேன். வலி முடிவு.’

‘1.20. எஸ்தர் தூக்குச்சட்டியைத் திறக்கிறார். தேங்காய்ப்பால் சொதி. பாதியை எனக்கு ஊற்றுகிறார். இஞ்சித் துவையல். இரண்டாவது தடவை கேட்கிறேன். ஊற்றுகிறார்.’

‘4.02. எஸ்தர்: ஒருத்தருக்கு ஒரு வலிதான் இருக்குமா, தம்பி? ரெண்டு இருந்தா உன் வரி எங்க போய் நிக்கும்? வலி தொடக்கம். சிரிக்கிறேன். யோசிக்கிறேன். சிரிக்கவில்லை. நான்: நீங்க சொல்லுதது சரிதான் மேடம். நாளைக்குக் காலையில முதல் வேலையா மாத்திருதேன். வலி முடிவு.’

அதற்குப் பிறகு ஐந்து மணிக்கு, மாற்றாத வரியையே என் தலையில் ஓட்டியிருக்கிறேன். ஒரு திட்டுக்கு அது போதும் என்று நினைத்திருப்பேன். நாலு மணிக்கு ஒருவர் என் தவறைச் சொன்னதும் வலித்தது என்பதை நான் ஒரு வலியாகவே எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். அந்த மாதிரி ஆள் நான். இயந்திரம் அப்படி இல்லை, குறித்து வைத்திருந்தது. பதினொன்று ஐந்திலிருந்து நாலு மணி வரை என் வரி நிறுத்தாமல் தின்றிருக்கிறது. எச்சரிக்கையையும் தின்றிருக்கிறது. சொதியையும்.

“மறுநாள் நான் ‘எதை’ன்னு கேட்டப்ப ஏன் மேடம் திரும்பச் சொல்லல?”

“வேணும்னே கேக்கன்னு நெனச்சேன்,” என்றார். “விடுதியில என்னைய மாதிரி நடிச்சுக் காட்டுதியாமே. பேக்கரிக்காரர் சொன்னாரு. சோத்துப் பருக்கையை வாசிப்பியாம்.”

சொல்வதற்கு என்னிடம் இருந்தது அந்த ஒரு வரிதான். நாற்பது எழுத்துகூடக் கிடையாது.

மறுநாள் ஆவுடைச்செல்வியிடம் டாக்டர் உண்மையைச் சொன்னார். எட்டு வருடம் போய்விட்டது என்றார். ஆவுடைச்செல்வி அதைப் பக்கத்து வீட்டில் திருட்டுப்போனதைக் கேட்பது போலக் கேட்டார். கண்ணாடியில் தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “அப்போ அம்மா ஏன் இன்னும் என்னைப் பாக்க வரல?” என்று கேட்டார். டாக்டருக்குக் கீழே ஒரு வேலை இருந்தது. எனக்கும் ஒன்று இருந்திருக்கலாம். எஸ்தர் மேடம்தான் பக்கத்தில் உட்கார்ந்து, “வரிசையாத்தான் வாசிக்கணும்மா. அதுல வரும்,” என்றார்.

பதிவை அறைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. வேறு யாருக்கும் காட்டக் கூடாது. வாசிக்கிறவர் நிலையத்து ஆளாக இருக்க வேண்டும். தலை யாருடையதோ அவர் மட்டும் கேட்கலாம். கணவர், அதாவது அவர் இன்னும் கணவரா என்பதை அவரே சொல்ல முடியாத நிலையில், வெளியே பெஞ்சில் உட்காரலாம். கோமதிநாயகம் வண்டிக்கு லீவு சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்தார். கையில் ஒரு பிளாஸ்க். உள்ளே கொடுத்து அனுப்புவார். “மாப்பிள்ளையோட அண்ணன் குடுத்தாங்களா?” என்று ஆவுடைச்செல்வி இப்போது கேட்பதில்லை. “அவங்க குடுத்தாங்களா?” என்று கேட்பார். அதையே கோமதிநாயகம் என்னிடம் இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

முதல் நாள் நான் வாசிக்க உள்ளே போகும்போது என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

“தம்பி, நான் பேசுன எல்லாம் அதுல இருக்குமா?”

“இருக்கும் அண்ணாச்சி.”

“நல்லதும்?”

“எல்லாந்தான்.”

தலையாட்டினார். கண் என் மேல் இல்லை. “அந்த நாப்பது செகண்டு வருதுல்லா. அது வந்தா அதுக்கு முந்துன வரியிலயே நிப்பாட்டிருங்க. என்னையக் கூப்பிடுங்க. அதை நானே அவகிட்டச் சொல்லிக்கிடுதேன்.”

“அதை எடுக்கத்தான அண்ணாச்சி வந்தீய?”

“ஆமா,” என்றார். “ஆனா அவ அம்மா போனதை வேற யாரு சொல்லுவா?”

அந்த இடத்தைத் தேடி எடுக்க என்னிடம் ஒரு வரி இருக்கிறது. மூன்று வினாடியில் காட்டும். திருத்தப்பட்ட வரி, முதல் மோரிலேயே எழுந்துவிடும். நான் அதை ஓட்டவில்லை. எஸ்தர் மேடம் தன் ஸ்கேலை மேசையில் என் பக்கமாகத் தள்ளினார். விளிம்பில் பென்சில் கரி படிந்திருந்தது. அச்செடுத்த தாள் கட்டு கட்டாகச் சுவரோரம் நின்றது. ஒரு நாளைக்கு ஏழாயிரம் வரி. அந்தக் கணக்கில் இருபத்திரண்டாம் நாள் பிற்பகல் வாக்கில் நாலாவது தடவை போன் அடிக்கும்.

இன்று மூன்றாம் நாள். ஆவுடைச்செல்வி எதிரே உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக் கேட்கிறார். சில வரிகளுக்குச் சிரிக்கிறார், அடுத்த வீட்டுப் பெண்ணின் அசட்டுத்தனத்துக்குச் சிரிப்பது மாதிரி. என் உதடு அசைகிறது. வேகமாக வாசித்தால் அந்த நாள் சீக்கிரம் வரும். மெதுவாக வாசித்தால் முப்பது நாளில் முடியாது.

தலைதீபாவளி வந்திருக்கிறது. ஸ்கேலுக்கு மேலே, ஆவுடைச்செல்வியின் அம்மா அதிரசத்துக்கு மாவு பிசைகிறார். மாப்பிள்ளைக்கு இனிப்பு கூட இருக்கணுமா குறைய இருக்கணுமா என்று மகளிடம் கேட்கிறார்.

“பாத்தியா, அம்மா வந்துட்டா,” என்றார் ஆவுடைச்செல்வி.

“வந்துட்டாங்க,” என்றேன்.

ஸ்கேலை ஒரு வரி கீழே இறக்கினேன்.